பல ஊர்களில் ஒரு பேரேடு: பரவல் தரவுத்தளங்களும் உடன்பாட்டின் விலையும்



மொழிப் பணிக்கென அமைந்த மேடையில் கணினித் தரவுத்தளத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். ஐயம் நியாயமானதே. எனினும், நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளின் நடுவே நிற்பது ஒரு மொழிச் சிக்கல்தான். தொலைவில் இருக்கும் ஒருவர் 'ஆகட்டும்' என்று சொல்கிறார். அச்சொல்லை எப்போது நம்பலாம்? சொன்னபின் அவர் பின்வாங்க முடியுமா? சொன்னவரோ கேட்டவரோ இடையில் மயங்கி விழுந்தால் அச்சொல் என்னவாகும்? பல ஊர்களில் பிரித்து வைக்கப்பட்ட தரவை ஒன்றாக ஆள முயன்ற அறிஞர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளாக இக்கேள்விகளோடுதான் போராடி வந்திருக்கிறார்கள்.

கணினிக்கு முன்பே நம் நாட்டில் இச்சிக்கல் இருந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் வட்டிக்கடை வைத்திருந்த செட்டிநாட்டு வணிகர்கள் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தார்கள். ஓரூரில் எழுதிய உண்டியலுக்கு இன்னோர் ஊரில் பணம் கிடைக்கும். தலைமையிடம் கடல் கடந்து செட்டிநாட்டில் இருந்தது. கடையை நடத்திய முகவர் அன்றாட முடிவுகளைத் தாமே எடுத்தார். கணக்கு கப்பலேறிப் போய்ச் சேர்ந்த பின்னரே முதலாளி அறிந்தார். ஐந்தொகை எடுக்கும்வரை இரண்டு ஊர்ப் பேரேடுகளும் ஒன்றையொன்று அறியாமலே இருந்தன. மனித நம்பிக்கையையும் உறவுமுறையையும் கொண்டு அந்த இடைவெளியை அவர்கள் நிரப்பினார்கள். கணினிக்கு நம்பிக்கை என்ற ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் செய்தியாக அனுப்பி, பதிலாகப் பெற்று, அழியாத இடத்தில் எழுதி வைத்தாக வேண்டும்.

முதலில் அடிப்படைச் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1970ஆம் ஆண்டு, ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் தரவை ஒழுங்குபடுத்துவதற்குப் புதியதொரு மாதிரியை முன்வைத்தார். ஆங்கிலத்தில் அதை 'ரிலேஷனல்' என்றார்கள். தமிழில் 'உறவுநிலைத் தரவுத்தளம்', 'தொடர்புசார் தரவுத்தளம்' என இருவகையாக எழுதி வருகிறோம். இந்த மொழிபெயர்ப்பு நம் மாணவர்களை ஓரளவு தடுமாற வைத்திருக்கிறது என்பது நம் கருத்து. அட்டவணைக்கும் அட்டவணைக்கும் இடையே உள்ள உறவைத்தான் இப்பெயர் குறிக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். தேர்விலும் அப்படியே எழுதுகிறார்கள். காட் சொன்ன 'உறவு' கணிதத்தில் கணக்கோட்பாடு பேசும் உறவு. பெயர், வயது, ஊர் என்னும் மூன்று மதிப்புகள் ஒரு வரியில் சேர்ந்து நின்றால், அவ்வரிகளின் தொகுதியே ஓர் உறவு. சுருங்கச் சொன்னால், அட்டவணையே உறவு.

இந்த நுட்பம் ஏன் முக்கியம்? அட்டவணை ஒரு கணம் என்றால், கணத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். ஒவ்வொரு செயலின் விளைவும் மீண்டும் ஒரு கணமே. ஆகவே ஒரு பெரிய அட்டவணையைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களில் வைத்தாலும், தேவைப்படும்போது பழையபடி ஒன்றாக்க முடியும் என்பதற்குக் கணிதமே உறுதி தருகிறது. காட் காலத்துக்கு முந்திய அமைப்புகளில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் சுட்டி வழியாகத் தாவிச் செல்ல வேண்டியிருந்தது. சுட்டியால் கோத்த சங்கிலியை வெட்டி இரண்டு ஊர்களில் வைத்தால் சங்கிலியே அறுந்துபோகும்.

அடுத்த சொல், 'டிஸ்ட்ரிபியூட்டட்'. இதைப் 'பகிர்வு' என்று எழுதுவோர் உண்டு. பகிர்தல் என்றால் ஒன்றைப் பலர் பயன்படுத்துவது என்றும் பொருள்படும். ஒரே கணினியைப் பத்துப் பேர் பயன்படுத்துவதும் பகிர்வே. நமக்கு வேண்டியது இடத்தால் விரிந்து கிடக்கும் நிலை. ஆகவே 'பரவல்' என்ற சொல்லையே இவ்வுரையில் ஆள்வோம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதற்குப் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு என மூன்று இடங்களில் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு கணினி. உறுப்பினர் அட்டவணையை எங்கே வைப்பது? எல்லாவற்றையும் கோலாலம்பூரில் வைக்கலாம். ஆனால் இணைப்பு அறுந்த நாளில் பினாங்கு உறுப்பினர் தம் சேமிப்பை எடுக்க முடியாது. ஆகவே பினாங்கு உறுப்பினரின் வரிகளைப் பினாங்கிலும், ஜொகூர் உறுப்பினரின் வரிகளை ஜொகூரிலும் வைக்கிறோம். இது கிடைத்துண்டாக்கம். அட்டவணையைக் குறுக்காக வெட்டுகிறோம். மூன்று துண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் முழு அட்டவணை மீண்டும் கிடைக்கும். சில வேளைகளில் நெட்டுவாக்கில் வெட்டுவதும் உண்டு. பெயர், முகவரி கிளையில் இருக்கட்டும், கடன் தகுதி பற்றிய பத்திகள் தலைமையகத்தில் மட்டும் இருக்கட்டும் என்று முடிவுசெய்தால், இரு துண்டுகளிலும் உறுப்பினர் எண் இருந்தாக வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. பேராக்கில் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு ஜொகூருக்குக் குடிபெயர்கிறார். அவருடைய வரி பினாங்குத் துண்டிலிருந்து ஜொகூர்த் துண்டுக்கு நகர வேண்டும். தனியொருவர் அல்லாமல் அட்டவணை முழுவதும் ஒரு கணினியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்படுவதும் உண்டு. அப்போது அதைத் தேடி வரும் நிரல்கள் எங்கே போய்க் கேட்கும்? எல்லா அட்டவணைகளின் இருப்பிடத்தையும் குறித்த ஒரு மையப் பட்டியலை வைத்தால், அம்மையம் விழும் நாளில் எல்லாம் விழும்.

1980களின் தொடக்கத்தில் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் உருவான ஆர்-ஸ்டார் என்னும் பரவல் தரவுத்தள ஆய்வமைப்பு இதற்குக் கண்ட தீர்வு அழகானது. ஒவ்வோர் அட்டவணையின் முழுப்பெயரிலும் அதை உருவாக்கியவர், அவர் எந்த இடத்தைச் சேர்ந்தவர், அட்டவணை எந்த இடத்தில் பிறந்தது என்பவை அடங்கியிருக்கும். அட்டவணை எங்கு மாறிச் சென்றாலும் பெயர் மாறாது. பிறந்த இடத்துக் கணினி மட்டும் 'இப்போது அது எங்கே இருக்கிறது' என்ற குறிப்பை வைத்திருக்கும். ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன்னே சுமந்து திரிந்த நம் முன்னோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஊரை விட்டுப் போனவரின் இன்றைய முகவரி வேண்டுமென்றால் சொந்த ஊர்க்காரரைத்தானே கேட்போம்.

தரவைப் பிரித்து வைத்தாயிற்று, இனி வினவல். பினாங்கில் கடன் பெற்ற 300 பேருக்கு ஜொகூர்க் கிளை உறுப்பினர்கள் பிணை நின்றிருக்கிறார்கள் என்று கொள்வோம். அப்பிணையாளர்களின் பெயரும் முகவரியும் பினாங்கு அலுவலருக்கு வேண்டும். ஜொகூரில் 40,000 உறுப்பினர். ஒருவர் பற்றிய பதிவு 200 பைட் நீளம். முழு அட்டவணையையும் பினாங்குக்கு அனுப்பினால் 80 இலட்சம் பைட், அதாவது 640 இலட்சம் பிட். 1970களில் அமெரிக்க ஆய்வு வலையமைப்பாகிய ஆர்ப்பாநெட்டின் இணைப்புகள் நொடிக்கு ஏறத்தாழ 50,000 பிட் கொண்டுசென்றன. அவ்வேகத்தில் இதற்கு 1,280 நொடி ஆகும். இருபத்தொரு நிமிடத்துக்கும் மேல். மாற்று வழி ஒன்று உண்டு. பினாங்கிலிருந்து 300 பிணையாளர் எண்களை மட்டும் அனுப்புவோம். எண்ணுக்குப் பத்துப் பைட் என்றால் மொத்தம் 24,000 பிட், அரை நொடி. ஜொகூர் அந்த 300 பதிவுகளை மட்டும் பொறுக்கித் திருப்பி அனுப்பும், 4,80,000 பிட், பத்து நொடிக்குள். இருபத்தொரு நிமிட வேலை பத்து நொடியில் முடிகிறது.

இதற்கு 'செமி-ஜாயின்', நம் மொழியில் அரையிணைப்பு, என்று பெயர். மாசசூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் எஸ்.டி.டி-1 என்னும் பரவல் தரவுத்தளத்தை ஆர்ப்பாநெட்டின்மீது உருவாக்கியபோது, அதன் வினவல் திட்டமிடலுக்கு அடித்தளமாக இருந்தது இந்த உத்தியே. இன்று நொடிக்குப் பத்துக் கோடி பிட் செல்லும் இணைப்பு சாதாரண அலுவலகத்துக்கும் கிடைக்கிறது. முழு அட்டவணையும் ஒரு நொடிக்குள் போய்விடும். அதனால் அரையிணைப்பு பழங்கதையாகிவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அட்டவணை ஆயிரம் மடங்கு பெருத்தால் கணக்கு பழைய இடத்துக்கே திரும்பும். ஆர்-ஸ்டார் அமைப்பு ஒவ்வொரு வினவல் திட்டத்துக்கும் நான்கு செலவுகளைக் கூட்டிப் பார்த்தது. செயலியின் வேலை, வட்டை நாடும் முறைகள், செய்திகளின் எண்ணிக்கை, செய்திகளின் நீளம் என்பன அவை. செய்தியின் நீளத்துக்கு ஆகும் செலவு காலப்போக்கில் குறைந்தது. செய்திகளின் எண்ணிக்கைக்கு ஆகும் செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் ஒளியின் வேகம்.

கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போய்வர மூன்று மில்லிநொடி. இலண்டன் 10,500 கிலோமீட்டர். போய்வர நூறு மில்லிநொடிக்கும் மேல். எவ்வளவு பணம் செலவிட்டாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. இழை நேர்க்கோட்டில் போவதும் இல்லை. கிறிஸ் டேட் என்னும் தரவுத்தள அறிஞர் 1987இல் பரவல் தரவுத்தளத்துக்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தார். அவற்றுக்கெல்லாம் தாயாக, பயனருக்குப் பரவல் அமைப்பு பரவாத அமைப்பைப் போலவே தோன்ற வேண்டும் என்பதை வைத்தார். பயனரைப் பொறுத்தவரை இது உயர்ந்த குறிக்கோள். பினாங்கு அலுவலர் தரவு எங்கே இருக்கிறது என்று கவலைப்படத் தேவையில்லை. ஆனால் அமைப்பை உருவாக்கப்போகும் மாணவருக்கும் இதையே சொல்லிக்கொடுத்தால், மூன்று மில்லிநொடியில் முடிய வேண்டியதை நூறு முறை இலண்டனுக்குப் போய்வரும் நிரலாக அவர் எழுதிவிடுவார். நிரல் சரியான விடையைத் தரும், பத்து நொடி கழித்து.

படிப்பதில் உள்ள சிக்கல் காலத்தாழ்ச்சியோடு முடிந்துவிடுகிறது. எழுதுவதில் உள்ள சிக்கல் அப்படிப்பட்டதன்று. நம் சங்கத்தின் பினாங்கு உறுப்பினர் ஒருவர், ஜொகூரில் இருக்கும் தம் மகளின் கணக்குக்கு 500 ரிங்கிட் மாற்றுகிறார். பினாங்கில் கழிக்க வேண்டும். ஜொகூரில் கூட்ட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக்கூடாது. பினாங்கில் கழித்தபின் ஜொகூர்க் கணினிக்கு மின்சாரம் போய்விட்டால் 500 ரிங்கிட் காற்றில் கரைந்துவிடும். ஜொகூரில் முதலில் கூட்டினால், இல்லாத பணம் பிறந்துவிடும்.

இதற்கு வழி, இரு கட்ட உறுதியாக்கம் என்னும் நெறிமுறை. ஜிம் கிரே 1978இல் எழுதிய ஆய்வுரையின் வழியாக அது பரவலாக அறியப்பட்டது. அவரும் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தவரே. கணினிகளுள் ஒன்று ஒருங்கிணைப்பாளர் ஆகிறது. முதற்கட்டத்தில் அது மற்றவற்றைப் பார்த்து 'ஆயத்தமா?' என்று கேட்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் பங்கைச் செய்துபார்த்து, செய்ததை முடிக்கவும் அழிக்கவும் தேவையான குறிப்புகளை மின்சாரம் போனாலும் அழியாத வட்டில் எழுதி முடித்த பிறகே 'ஆயத்தம்' என்று பதில் சொல்கிறது. எல்லோரும் ஆயத்தம் என்றால் ஒருங்கிணைப்பாளர் தன் வட்டில் 'உறுதி' என்று எழுதுகிறது. அவ்வெழுத்து வட்டில் பதியும் அந்தக் கணமே பணம் மாறிய கணம். யாராவது ஒருவர் 'இயலாது' என்றாலோ பதிலே வராவிட்டாலோ 'கைவிடு' என்பது முடிவு. இரண்டாம் கட்டத்தில் முடிவு எல்லோருக்கும் அறிவிக்கப்படுகிறது. அவர்கள் அதைப் பதிந்து, பெற்றுக்கொண்டோம் என்று திருப்பிச் சொல்கிறார்கள்.

கிரே இதைத் திருமணச் சடங்கோடு ஒப்பிட்டு விளக்கினார். பாதிரியார் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே கேட்கிறார். இருவரும் சம்மதம் சொன்னபின் இருவரும் தம்பதியர் என்று அறிவிக்கிறார். நம் வழக்கத்திலும் நிச்சயதார்த்தம், தாலிகட்டு என இரண்டு கட்டம் உண்டு. எனவே நம் ஆசிரியர்கள் இந்த உவமையை விரும்பி எடுத்தாள்வார்கள். எடுத்தாளும்போது ஒரு வேறுபாட்டை மறவாமல் சொல்ல வேண்டும். நிச்சயித்த திருமணத்தை மனவருத்தத்தோடாவது முறித்துக்கொள்ள முடியும். இந்நெறிமுறையில் 'ஆயத்தம்' என்று சொன்ன கணினி அதை முறிக்க முடியாது. தன் விருப்பப்படி முடிக்கவும் முடியாது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஜொகூர் 'ஆயத்தம்' என்று சொல்லிவிட்டது. ஒருங்கிணைப்பாளராகிய கோலாலம்பூர் அடுத்த கணம் நின்றுபோயிற்று. முடிவு என்ன? கோலாலம்பூர் 'உறுதி' என்று எழுதி, அதைப் பினாங்குக்குச் சொல்லிவிட்டுப் பிறகு நின்றதா, எழுதுமுன்பே நின்றதா என்பது ஜொகூருக்குத் தெரியாது. தானே கைவிட்டால், ஒருவேளை பினாங்கில் கழிக்கப்பட்ட பணத்தை விழுங்கியதாகும். தானே முடித்தால், ஒருவேளை இல்லாத பணத்தைப் படைத்ததாகும். பினாங்கைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் 'ஆயத்தம் என்று சொல்லிக் காத்திருக்கிறேன்' என்றால் விடை கிடைக்காது. அதுவரை மகளின் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அவர் மளிகைக் கடையில் நின்றுகொண்டு அட்டையை எத்தனை முறை தேய்த்தாலும் பணம் வராது.

1992இல் வெளிவந்த ஆரக்கிள் ஏழாம் பதிப்பு, இவ்வாறு தொங்கி நிற்கும் பரிவர்த்தனைகளைப் பட்டியலிட்டு நிருவாகிக்குக் காட்டியது. ஐயநிலைப் பரிவர்த்தனை என்று அவற்றை நாம் அழைக்கலாம். நிருவாகி பொறுமையிழந்து, கையால் ஏதேனும் ஒரு முடிவைத் திணிக்கவும் முடியும். பரிவர்த்தனை பற்றிய தொழில்துறைத் தரங்களில் இத்தகைய முடிவுக்கு 'ஹியூரிஸ்டிக்' என்று மதிப்பான பெயர் இட்டிருக்கிறார்கள். தமிழில் நேராகச் சொன்னால் அது ஊகம். கடையை மூடும் நேரத்தில் எடுத்த ஊகம்.

மூன்றாவது ஒரு கட்டத்தைச் சேர்த்து இத்தடையை நீக்க டேல் ஸ்கீன் 1981இல் ஒரு வழி காட்டினார். அது கூடுதல் செய்திகளைக் கேட்டது. வலையமைப்பே இரண்டாகப் பிளந்தால் பயன்படவும் இல்லை. ஆகவே நடைமுறையில் வேரூன்றவில்லை. செலவைக் குறைக்கும் பணி வேறு திசையில் நடந்தது. அதில் முன்னின்றவருள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த சி. மோகன். ஆர்-ஸ்டாரின் பரிவர்த்தனை மேலாண்மை பற்றி அவர் புரூஸ் லிண்ட்சே, ரான் ஓபர்மார்க் ஆகியோருடன் 1986இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு பரிவர்த்தனையைப் பற்றிக் கேட்கும்போது, அதன் ஏட்டில் அதைப்பற்றி ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன பதில் சொல்வது? 'கைவிடப்பட்டது' என்று சொல்வதென முன்கூட்டியே ஒரு வழக்கை வகுத்துக்கொண்டால், கைவிடும் முடிவுகளை வட்டில் கட்டாயமாக எழுத வேண்டியதில்லை; அதற்கு ஒப்புகை பெறவும் வேண்டியதில்லை. மௌனத்துக்கு ஒரு பொருளை ஏற்றிவைத்துவிட்டார்கள். நம்மிடையே மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கே மௌனம் மறுப்பு. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் இன்னொரு வடிவத்தையும் அதே கட்டுரையில் ஆராய்ந்தார்கள். ஆனால் அதற்கு, பரிவர்த்தனையில் யார் யார் பங்குகொள்கிறார்கள் என்பதை ஒருங்கிணைப்பாளர் தொடக்கத்திலேயே வட்டில் எழுதிவைத்தாக வேண்டும். மறுப்பாகக் கொள்ளும் வடிவமே தொழில்துறைத் தரத்தில் இடம்பெற்றது. இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும், இரு கிளைகளோடு உறுதியாகும் ஒரு பரிவர்த்தனைக்கு எட்டுச் செய்திகளும் ஐந்து கட்டாய வட்டெழுத்துகளும் தேவைப்படுகின்றன. ஒரே கணினியில் முடியும் பரிவர்த்தனைக்கு ஒரு வட்டெழுத்து போதும்.

பூட்டுகளைப் பற்றி ஒரு சொல் மட்டும். ஒருவர் பினாங்கில் ஒரு கணக்கைப் பூட்டிக்கொண்டு ஜொகூர்க் கணக்குக்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் ஜொகூரில் பூட்டிக்கொண்டு பினாங்குக்குக் காத்திருக்கிறார். பினாங்குக் கணினியைப் பார்த்தால் ஒருவர் காத்திருப்பது மட்டும் தெரியும். ஜொகூரைப் பார்த்தாலும் அவ்வாறே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வட்டம் தெரியும். ஆர்-ஸ்டார் அந்த வட்டத்தை முறையாகத் தேடியது. நடைமுறை அமைப்புகள் பல, 'இத்தனை நொடிக்குமேல் காத்திருந்தால் ஒருவரைக் கைவிடு' என்ற அளவில் நின்றுகொண்டன.

இதுவரை ஒவ்வொரு தரவுக்கும் ஒரே இடம் என்று கொண்டோம். பாதுகாப்புக்காக ஒரே வரியைப் பல இடங்களில் படியெடுத்து வைத்தால் இன்னொரு கேள்வி வருகிறது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தைவானின் தென்கரைக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கம் கடலடிக் கம்பிவடங்கள் பலவற்றை அறுத்தது. கிழக்காசியாவிலும் நம் தென்கிழக்காசியாவிலும் இணையம் நாட்கணக்கில் தள்ளாடியதை ஆசிரியர்களில் பலர் நினைவுகூர்வீர்கள். அத்தகைய நாளில், வடத்தின் இரு புறமும் ஒரே கணக்கின் படிகள் இருந்தால் என்ன செய்வது? இருபுறமும் பணம் எடுக்க விட்டால், இருப்பைவிட மிகுதியாக எடுக்கப்படலாம். ஒருபுறம் நிறுத்திவைத்தால், அப்புறத்தில் இருப்பவர்க்குச் சேவை இல்லை. மூன்றாவது வழி இல்லை என்பதை எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் ஊகமாக முன்வைத்தார். சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் நிறுவினார்கள். இதை 'மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு' என்ற முழக்கமாக மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். வடம் அறுவது நாம் தேர்ந்தெடுக்கும் ஒன்றன்று. அது நமக்கு நேர்வது. அறுந்தபின் எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. செட்டிநாட்டு முகவர் சேவையைத் தேர்ந்தெடுத்தார். கணக்கைப் பிறகு சரிபார்த்துக்கொண்டார். அமேசான் நிறுவனம் 2007இல் விவரித்த டைனமோ என்னும் சேமிப்பு அமைப்பும், வாடிக்கையாளரின் பொருட்கூடையைப் பொறுத்தவரை, அதையே தேர்ந்தெடுத்தது. கூடையில் நீக்கிய பொருள் மீண்டும் தோன்றினால் எரிச்சல்தான். சேமிப்புக் கணக்கில் எடுத்த பணம் மீண்டும் தோன்றினால் சங்கமே மூழ்கும்.

கூகுள் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஸ்பேனர் பற்றிய கட்டுரை எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளம்பரக் கணக்குகள் அதற்குமுன் மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்கள் பலவற்றில் கையால் துண்டாக்கி வைக்கப்பட்டிருந்தன. கடைசியாக அவற்றை மறுபங்கீடு செய்ய இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று என்று அக்கட்டுரை சொல்கிறது. ஸ்பேனரில் ஒவ்வொரு துண்டும் பல படிகளாக இருக்கிறது. ஐந்து படி என்றால் மூன்று இசைந்தால் போதும்; லெஸ்லி லாம்போர்ட் வகுத்த பாக்சோஸ் என்னும் பெரும்பான்மை நெறிமுறை அதற்குத் துணை. ஆகவே இரு கட்ட உறுதியாக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் தனியொரு கணினியாக இல்லாமல் ஒரு குழுவாகிறது. ஒருவர் மயங்கி விழுந்தால் குழுவில் இன்னொருவர் ஏட்டைப் பார்த்து முடிவைச் சொல்வார். முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தொல்லை தந்த ஐயநிலை இவ்வாறு பெரிதும் ஒடுங்கியது.

காலத்தையும் அவர்கள் விடவில்லை. எந்தப் பரிவர்த்தனை முந்தியது என்று அறிய எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். எந்தக் கடிகாரமும் சரியாக ஒத்திருப்பதில்லை. செயற்கைக்கோள் வழிக் காலத்தையும் அணுக்கடிகாரங்களையும் தரவுமையங்களில் வைத்தபின்னும், ஸ்பேனரின் கடிகாரம் 'இப்போது மணி இது' என்று ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. 'இந்நேரத்துக்கும் அந்நேரத்துக்கும் இடையில்' என்று ஓர் இடைவெளியைச் சொல்கிறது. அக்கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் அதன் பிழையளவு பொதுவாக ஒன்றிலிருந்து ஏழு மில்லிநொடி வரை இருந்தது. பரிவர்த்தனை தன் நேரமுத்திரை ஐயமின்றிக் கடந்துபோகும்வரை காத்திருந்துவிட்டே தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. தன் அறியாமையின் அளவை அறிந்து அந்த அளவுக்குக் காத்திருக்கும் கருவி என்று இதைச் சொல்லலாம். இன்று டைடிபி, காக்ரோச்டிபி முதலிய அமைப்புகள் பெரும்பான்மை இசைவு என்னும் இதே கருத்தை, அணுக்கடிகாரம் இல்லாமலே, சாதாரண கணினிகளில் நடத்திக்காட்டுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கமிட்' என்னும் சொல்லைச் 'சேமி' என்று மொழிபெயர்த்திருக்கும் பாடக்குறிப்புகள் உலவுகின்றன. கோப்பைச் சேமிப்பது தனியொருவர் செயல், பிறகு அழித்துவிடலாம். பரவல் தரவுத்தளத்தில் அச்சொல் பிறர்க்குக் கொடுக்கும் வாக்கைக் குறிக்கிறது. 'உறுதியாக்கு' என்றோ 'உறுதிசெய்' என்றோ எழுதினால் மாணவர் மனத்தில் சரியான படிமம் விழும். 'ஆயத்தம்' என்ற நிலைக்கும் தனிச்சொல் இருக்கட்டும். அதையும் உறுதியோடு கலந்துவிட்டால், மகளின் கணக்கு ஏன் பூட்டியிருக்கிறது என்பதை விளக்கவே இயலாது.

இதை வகுப்பறையில் கணினி இல்லாமலே நடத்திக்காட்டலாம். மூன்று மாணவர்களை மூன்று மூலைகளில் உட்கார வையுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு. செய்திகளைத் துண்டுத்தாளில் எழுதி, நான்காமவர் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும். ஒருவர் ஒருங்கிணைப்பாளர். இரண்டு 'ஆயத்தம்' தாள்களும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்ததும், அவரை அறைக்கு வெளியே அழைத்துச் சென்றுவிடுங்கள். அவர் ஏட்டில் என்ன எழுதினார் என்பதை யாருக்கும் காட்டாதீர்கள். பிறகு மற்ற இருவரிடமும், தம் ஏட்டில் இனி என்ன எழுதுவார்கள், ஏன் என்று கேளுங்கள். பத்து நிமிடம் அவர்களை விவாதிக்க விட்ட பிறகு ஒருங்கிணைப்பாளரின் ஏட்டைத் திறந்து காட்டலாம். அடுத்த சுற்றில் ஒருங்கிணைப்பாளராக மூவரை ஒரே மேசையில் உட்கார வைத்து, அவர்களுள் ஒருவரை மட்டும் வெளியே அழைத்துப் பாருங்கள்.

 கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத்தலைவர் குறிப்புக் காட்டுகிறார். மாணவர்கள் முதலில் கேட்கலாம்.